இனி லீவு இல்லை

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரருக்கு வெளிநாடு திருவனந்தபுரத்தில் தொடங்குகிறது. நாகர்கோவிலிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர்: தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பிறகு கேரளம், பிறகு விமான நிலையம். வேன் பிடித்து, சொந்தக்காரர் பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, அந்தச் சாலையில் ஒருவரை ஏற்றிவிடவோ கூட்டிவரவோ போகாத குடும்பம் கல்குளம், விளவங்கோடு பக்கம் குறைவு.

வேலையை முடித்துக்கொண்டு அந்த வழியே கடைசியாகத் திரும்புகிறவருக்கு ஊரைப் பற்றிச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பிறந்த ஊர், பேசுகிற பாஷை, பழகிய சந்தை. ஆனால் பதினைந்து இருபது வருடமாக அவர் பார்த்தது லீவுக்கால ஊரை மட்டும்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, ஒன்றரை இரண்டு மாதம் இருந்து, கல்யாணம், பால்காய்ப்பு, அம்மன் கொடை, ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெரியவர் என்று ஓடி முடித்து, மறுபடி பெட்டி கட்டியவர் அவர். ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவு எப்படித் திரட்டப்படுகிறது, கிணற்று மோட்டார் நின்றால் யாரைக் கூப்பிடுவது, வீட்டு வரி எந்த அலுவலகத்தில் கட்டுவது என்பதெல்லாம் அவர் வராத மாதங்களில் நடந்தவை. லீவில் செலவழிக்கிற கையும் லீவில் பேசுகிற பேச்சும் திரும்பி வந்த பிறகும் ஓர் ஆண்டாவது அவரை விடுவதில்லை. அந்த ஓர் ஆண்டில் பெரிய முதலீடு எதிலும் இறங்காமல், காகிதங்களையும் வீட்டையும் ஒழுங்கு செய்வதோடு நிறுத்திக்கொள்ளும்படி இந்த அத்தியாயம் பரிந்துரைக்கிறது.

முன்பு திரும்பியவர்கள்

இந்த மாவட்டத்துக்குத் திரும்புவோர் புதியவர்கள் அல்லர். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினருக்குக் கீரிப்பாறைப் பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுக்கப்பட்டது. 1984 இல் அந்தத் தோட்டங்கள் அரசு ரப்பர் கழகம் ஆயின. 1990 இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது ஏறக்குறைய 1 லட்சத்து 70 ஆயிரம் இந்தியர்கள், பெரும்பாலும் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக, விமானங்களில் கொண்டுவரப்பட்டார்கள். கட்டிய துணியோடு வந்தவர்கள் அவர்களில் நிறைய. பின்னால் ஐக்கிய நாடுகள் சபை இழப்பீட்டு ஆணையம் அமைத்து உரிமைகோரல்களை வாங்கியபோது, பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கமும் சம்பளச் சீட்டும் கையில் வைத்திருந்தவர் பாடு எளிதாக இருந்தது.

சவூதி அரேபியாவில் 2011 இல், வேலைகளில் சவூதிக்காரர்களுக்குப் பங்கு ஒதுக்கும் நிதாகத் திட்டம் வந்தது. 2017 ஜூலையிலிருந்து குடும்பத்தோடு தங்கியிருப்பவர் ஒவ்வொரு தலைக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்றானது. அது ஆண்டுக்கு 100 வீதம் ஏறி 2020 இல் 400 ரியாலில் நின்றது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால். எத்தனையோ வீடுகளில் குடும்பம் முதலில் ஊருக்கு வந்து, குடும்பத்தலைவர் பின்னால் தனியாக வந்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். 2020 இல் கொரோனா. ஈரான் துறைமுகங்களில் மீன்பிடி வேலைக்குப் போய்ச் சிக்கிக்கொண்ட தமிழக மீனவர்களை, நம் கடலோர ஊர்க்காரர்கள் உட்பட, பந்தர் அப்பாஸிலிருந்து கடற்படைக் கப்பல் ஜலஷ்வா 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது.

தானாக முடிவெடுத்துத் திரும்புகிறவருக்கு இவர்கள் யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது: அவகாசம். அதை அங்கே இருக்கும்போதே பயன்படுத்த வேண்டும்.

எக்சிட் அடிப்பதற்கு முன்

முதல் வேலை செல்போன் எண். இந்திய வங்கிக் கணக்குகளில் பலர் சவூதி, அமீரக எண்ணையே பதிந்து வைத்திருப்பார்கள். விசாவை முடித்து எக்சிட் அடித்து, அந்த சிம் செத்த பிறகு, ஓடிபி போகிற இடம் தெரியாமல் சொந்தப் பணத்தின் முன்னால் கைகட்டி நிற்க நேரிடும். அடுத்த லீவிலேயே ஓர் இந்திய எண்ணை வாங்கி, அதை வங்கி, ஆதார், பான் மூன்றிலும் ஏற்றிவிடுவது நல்லது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள வெளிநாடுவாழ் இந்தியர் ஆதார் எடுக்க 182 நாள் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019 இலேயே போய்விட்டது. லீவில் வந்த வாரத்திலேயே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓசிஐ அட்டையோடு வருகிறவருக்கு அந்த 182 நாள் நிபந்தனை இன்னும் இருக்கிறது.

இரண்டாவது, மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த காப்பீடு வேலையோடு போய்விடும். ஐம்பது வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமுமாக வந்து இறங்குகிறவர் அன்றைக்குப் புதிதாக பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. 2024 ஏப்ரலுக்கு முன் அது நான்கு ஆண்டாக இருந்தது. ஆகவே திரும்புவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே இந்தியாவில் ஒரு குடும்ப பாலிசி எடுத்து, வெளிநாட்டில் இருந்தபடியே பிரீமியம் கட்டிவந்தால் அந்தக் காலம் வீணாகாமல் கழியும். வீண்செலவு என்று அப்போது தோன்றும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எல்லாருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்து வழக்கப்படி பெரிய நோய் என்றால் கார் திருவனந்தபுரத்துக்குத்தான் திரும்புகிறது, அங்கே பில்லை யாராவது கட்டியாக வேண்டும்.

மூன்றாவது, சான்றுகள். பணிச் சான்று, சம்பளச் சான்று, கிராஜுவிட்டி கணக்கு, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், அங்கே பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகியவற்றில் தூதரக முத்திரை தேவைப்படுவதை அங்கேயே முடித்துவிட வேண்டும். ஊரிலிருந்து ஒரு பழைய கபிலுக்கு (அங்கத்திய ஸ்பான்சருக்கு)ப் போன் போட்டுச் சம்பளச் சான்று கேட்பது எத்தனை சுகமான வேலை என்பதைச் செய்து பார்த்தவர்கள் சொல்வார்கள்.

நகை விஷயத்தில் ஆசை வேண்டாம். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம் நகை வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். வீட்டுச் சாமான்களுக்கான சலுகை வேறு கணக்கு. அது அவ்வப்போது மாறுவதால் டிக்கெட் எடுக்கும் மாதத்தில் சுங்கத்துறையின் விதியைப் படித்துக்கொள்வதே சரி.

வங்கியும் வரியும்

வங்கியும் வருமான வரியும் திரும்பியவரை இரண்டு வேறு கண்களால் பார்க்கின்றன. பலருக்குக் குழப்பம் இங்கேதான்.

அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு (ஃபெமா) எண்ணம் முக்கியம். இனி இங்கேயேதான் என்று வந்து இறங்கிய நாளிலிருந்து ஒருவர் உள்நாட்டவர். அவருடைய என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. கணக்குகளைச் சாதாரணக் கணக்குகளாக மாற்றச் சொல்லி அவரே வங்கிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். வங்கியாகக் கேட்காது, அதனால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கிடந்தால் என்ன என்றால், என்.ஆர்.ஈ. வைப்புக்கு வட்டி வரி இல்லை என்ற சலுகை வெளிநாடுவாழ் தகுதியோடு முடிந்துவிடுகிறது. கணக்கின் பெயர் என்.ஆர்.ஈ. என்று இருப்பதால் மட்டும் வட்டிக்கு வரி இல்லாமல் போகாது. வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்பை முதிர்வு வரை அப்படியே விடலாம். அதன் பிறகும் டாலராகவே வைத்துக்கொள்ள விரும்பினால் ஆர்.எஃப்.சி. என்ற கணக்கு இருக்கிறது. மறுபடி வெளிநாடு போகக்கூடும் என்று நினைக்கிறவருக்கு அது பயன்படும்.

வருமான வரி நாட்களை எண்ணுகிறது. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் அவர் உள்நாட்டவர். முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் அந்த ஆண்டில் 60 நாளும் இருந்தாலும் உள்நாட்டவர்தான். ஆண்டுக்கு ஒன்றிரண்டு மாத லீவு மட்டும் எடுத்தவருக்கு நான்கு ஆண்டில் 365 நாள் சேராது. அப்படிப்பட்டவர் அக்டோபருக்குப் பிறகு வந்து இறங்கினால், அதற்கு முன் அதே நிதியாண்டில் லீவுக்கு வராதிருந்தால், அந்த ஆண்டு முழுவதும் வெளிநாடுவாழ் இந்தியராகவே கழிந்துவிடும். விசா கேன்சல் செய்யும் மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர் இதைக் கணக்கில் எடுப்பார்.

வெளிநாடுவாழ் இந்தியர் என்பதற்கும் உள்நாட்டவர் என்பதற்கும் நடுவே ஆர்.என்.ஓ.ஆர். என்றொரு படி இருக்கிறது. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தவருக்கும், முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாதவருக்கும் அது பொருந்தும். அந்தப் படியில் இருக்கும் இரண்டு மூன்று வருடங்களில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு அங்கே எதுவும் மிச்சம் வைக்காமல் வருகிற வளைகுடாக்காரருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. அமெரிக்காவில் 401கே ஓய்வூதியக் கணக்கும் லண்டனில் ஒரு வீட்டு வாடகையும் வைத்திருக்கிற ஐ.டி.க்காரர், நர்ஸ் ஆகியோருக்கு இது பொன்னான காலம். விற்க வேண்டியதை விற்பதும் மாற்ற வேண்டியதை மாற்றுவதும் அதற்குள் நடந்துவிட வேண்டும். அந்தப் படி தாண்டிய பிறகு வெளிநாட்டுக் கணக்குகளையும் சொத்துகளையும் வருமான வரிப் படிவத்தில் ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும். காட்டாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி ரூ.10 லட்சம் தண்டம் விதிக்க இடமிருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காவது ஆடிட்டர் கூலி கொடுப்பது தகும்.

பத்திரம், பட்டா, பூட்டிக் கிடந்த வீடு

நிலம் இல்லாத பேச்சு இந்த மாவட்டத்தில் நெடுநேரம் நடக்காது. திரும்பி வந்தவரிடம் முதல் வாரத்திலேயே யாராவது 'நல்ல வஸ்து ஒண்ணு கிடக்கு' என்று வருவார்கள்.

வாங்குவதற்கு முன் ஏற்கெனவே உள்ளதைப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இந்த மாவட்டம் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. குடும்பப் பெட்டியில் இருக்கும் பழைய ஆதாரங்கள் (பத்திரங்கள்) பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். கொல்லம் 1100 என்றால் 1924–25. (பாட்டா சொல்லும் தொண்ணூற்றொன்பதாம் வருட வெள்ளம் என்பது 1924 ஜூலையில் வந்தது.) நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் 1926 சட்டத்துக்கு முன்பு சொத்து மருமக்கள்வழியில் இறங்கியதால், பழைய பாகப்பத்திரத்தில் வாரிசாக வருகிற பெயர் இன்றைய குடும்பத்துக்குப் புரியாத பெயராகவும் இருக்கலாம். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பழைய ஆதாரம் எழுத்தர்கள் இன்னும் சிலர் உண்டு. அவர்கள் இருக்கும்போதே தமிழில் எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, வரைபடம். வெளிநாட்டில் இருந்த காலத்தில் அப்பா பெயரிலிருந்து பட்டா மாறாமலே கிடக்கும். உட்பிரிவு செய்யாமல் அண்ணன் தம்பி நான்கு பேர் பெயரில் கூட்டாகவும் கிடக்கும். எல்லாரும் ஊரில் நல்ல பேச்சுவார்த்தையில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிட வேண்டும். மைத்துனருக்கோ தம்பிக்கோ அங்கிருந்து பவர் பத்திரம் அனுப்பியிருந்தால், திரும்பிய பிறகு அதை முறைப்படி ரத்து செய்வது அவசியம். சண்டை வந்த பிறகு ரத்து செய்தால் அது சண்டையாகவே ஆகிவிடும். வந்த வேகத்தில் செய்தால், 'நான்தான் வந்தாச்சே' என்று முடிந்துவிடும்.

புதிதாக வாங்குவதில் ஒரு சங்கதி. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க ஃபெமா விதி இடம் தருவதில்லை. திரும்பி வந்து உள்நாட்டவர் ஆன பிறகு அந்தத் தடை இல்லை. குலசேகரம், திருவட்டாறு பக்கம் ஒரு ரப்பர் விளை என்ற கனவோடு இருப்பவர் லீவில் வந்து அவசரமாக அட்வான்ஸ் கொடுக்காமல் இருக்க இதுவே போதுமான காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. மலையோர கிராமங்கள் பலவற்றில் பட்டா நிலமே 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. அப்படிப்பட்ட நிலத்தை விற்க மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். சில கிராமங்களுக்கு மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும், கடற்கரைக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் சேர்ந்துகொள்ளும். விலை மலிவாக இருக்கிறதே என்று தோன்றினால், ஏன் மலிவு என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் ஒப்பந்தம் எழுத வேண்டும்.

வீடு எப்படியும் பிரம்மாண்டமாகக் கட்டியிருப்பார்கள். போனில் பேசிப் பேசி, கொத்தனாரிடம் படம் அனுப்பச் சொல்லிக் கட்டிய வீடு. இரண்டு பருவமழையும் விழுகிற இந்த மாவட்டத்தில் ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடந்த மேல்மாடி அறைகளில் சுவர் பூத்திருக்கும், கதவு நிலையைக் கரையான் தின்றிருக்கும், மோட்டார் இறுகியிருக்கும். முதல் செலவு இவற்றுக்குத்தான். ஏசி பற்றி ஒரு வார்த்தை: வளைகுடாவில் அது இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும், அங்கே பில்லை யாரும் பார்ப்பதில்லை. இங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் மொத்தக் கணக்கும் வேறு விகிதத்துக்கு மாறிவிடுகிறது. முதல் கோடையில் வரும் அந்த பில் வீட்டில் ஒரு விவாதத்தைக் கிளப்பும்.

வீட்டின் அதிகாரி யார்

அந்த விவாதத்தில் ஜெயிக்கப் போவது மனைவிதான், அதுதான் நியாயமும்கூட.

கணவர் வெளிநாட்டில் இருந்த இருபது ஆண்டும் இந்த மாவட்டத்தின் ஆயிரக்கணக்கான வீடுகளை நடத்தியவர்கள் பெண்கள். கட்டுமானப் பணிக்கு எம்-சாண்டும் ஜல்லியும் இறக்கியது, பேங்க் லாக்கர், பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம், மகளிர் சுயஉதவிக் குழு, மாமியாரின் மருந்து, மாமனாரின் அடக்கம், தேங்காய் வெட்டுக்கூலி எல்லாம் அவர்கள் தலையில். அனுப்பிய பணத்தின் தொகை கணவருக்குத் தெரியும். அது எப்படிப் போதாமல் போனது, எப்படிப் போதவைக்கப்பட்டது என்பது மனைவிக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்த கணவர் மறுநாள் காலை அடுக்களையில் நின்று, ஏன் இவ்வளவு கேஸ் செலவாகிறது என்று கேட்டால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குடும்ப ஆலோசகர்களிடம் போய் நிற்கிற சங்கடங்கள் பலவும் இப்படிச் சின்னதாகத் தொடங்குபவை. முதல் மூன்று மாதம் வீட்டுக் கணக்கு மனைவியிடமே இருக்கட்டும். அவரோடு கூட நடந்து, ரேஷன் கடை எது, எந்தப் பலசரக்குக் கடையில் பற்று, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் வைக்கப்பட்டது, யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தது திரும்பவில்லை என்பதைக் கணவர் கற்றுக்கொள்ளட்டும். ஏடிஎம் அட்டை கைமாறும் அவசரம் எதற்கும் இல்லை. வடசேரி கனகமூலம் சந்தைக்கோ திங்கள்சந்தைக்கோ அவர் போய்க் காய்கறி வாங்கிவருவது நல்ல தொடக்கம். மட்டிப்பழத்துக்கும் ரசகதலிக்கும் சாளைக்கும் அயிலைக்கும் இன்றைய விலை தெரிந்தவருக்குத்தான் வீட்டுச் செலவைப் பற்றிப் பேச வாய் இருக்கிறது.

பிள்ளைகள்

தமிழ்நாட்டில் 2006 தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். 2015–16 இல் முதல் வகுப்பிலிருந்து தொடங்கி அது சி.பி.எஸ்.இ. முதலிய வாரியப் பள்ளிகளுக்கும் விரிந்தது. மஸ்கட்டிலோ தோஹாவிலோ இந்தியும் பிரெஞ்சும் எடுத்துப் படித்த பிள்ளையை எட்டாம் வகுப்பில் கொண்டுவந்து இறக்கினால், வீட்டில் பேசுகிற தமிழ் பரீட்சைக்குக் காணாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களை அங்கே இருக்கும்போதே இரண்டு ஆண்டு முன்னதாகத் தொடங்கியிருந்தால் சுமை பாதி குறையும். சேர்க்கும் பள்ளியில் இதைப் பற்றி எழுத்தில் கேட்டுக்கொள்வதும் தேவை.

மேல்படிப்புக் கணக்கு இன்னும் நுட்பமானது. அண்ணா பல்கலைக்கழகத்தில் வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது; அதற்குப் பெற்றோர் அங்கே வேலையில் இருப்பதற்கான சான்று வேண்டும். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் ஆண்டில் வேலையை விட்டுவிட்டு வந்தால் அந்த வாசல் அடைபடும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். வெளியில் படித்த பிள்ளைகளிடம் மருத்துவக் கலந்தாய்வில் பிறப்பிட, இருப்பிடச் சான்றுகள் கேட்கப்படும். தாசில்தார் அலுவலகத்தில் அவற்றை முன்கூட்டியே எடுத்து வைப்பது, கலந்தாய்வு வாரத்தில் ஓடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஊர் கேட்கும் கேள்வி

'எப்பம் வந்தேரு? இனி என்னைக்குப் போறேரு?' டீக்கடையிலும் கோயில் நடையிலும் சர்ச் வாசலிலும் இந்த இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வரும். கேட்கிறவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருபது வருடப் பழக்கம். இனிப் போகவில்லை என்று முதல் நாளிலிருந்தே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. 'பாக்கணும், ஒரு விசா வருகு' என்று மழுப்பினால் ஊர் அவரை விருந்தாளியாகவே வைத்திருக்கும். விருந்தாளியின் கையில் பணம் இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை மூன்று வடிவத்தில் வரும். கோயில் கொடைக்கும் தேவாலயக் கட்டடத்துக்கும் பள்ளிவாசலுக்கும் ஊர் வரி தவிர 'வெளிநாட்டுக்காரர் பங்கு' என்று தனியாக எழுதப்படுவது ஒன்று. வருமானம் நின்றுபோன பின்பும் பழைய தொகையை எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் முணுமுணுப்பதைவிட, முதல் ஆண்டிலேயே ஊர்க்காரர்கள் கொடுப்பதைத்தான் நானும் கொடுப்பேன் என்று கமிட்டியில் சொல்லிவிடுவது மானக்கேடு அல்ல. இரண்டாவது கைமாற்று, ஜாமீன் கையெழுத்து. மூன்றாவது ஏலச்சீட்டும் வட்டித் திட்டமும். சீட்டு நடத்துவதற்கு 1982 சிட்ஃபண்டு சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் காட்ட முடியாதவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் கிராஜுவிட்டிப் பணத்தை அங்கே கொண்டுபோய்ப் போடலாகாது.

வாக்காளர் பட்டியலையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வெளிநாட்டில் இருந்ததால் படிவம் கொடுக்காதவர்கள் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் படிவம் 6 கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாலையைப் பற்றி இரண்டு வரி. வளைகுடாவில் வலப்பக்கம் ஓட்டிய கை இங்கே இடப்பக்கத்துக்குப் பழக வேண்டும். அதுவும் மார்த்தாண்டம் சந்திப்பில். அங்கத்திய லைசென்சை வைத்து இங்கே காலம் தள்ள முடியாது. இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித்தான் புதுப்பிக்க முடியும். நாகர்கோவில், மார்த்தாண்டம் இரண்டிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது.

என்ன தொழில்

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்கு, திரும்பி வருகிறவருக்கு 1996 முதல் நோர்க்கா என்று தனித் துறையே இருக்கிறது. இரண்டு ஆண்டாவது வெளிநாட்டில் வேலைசெய்து திரும்பியவர் தொழில் தொடங்க, ரூ.30 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு 15 சதவீதம், உச்சபட்சம் ரூ.3 லட்சம் மூலதன மானியம் தருகிறது. இந்தப் பக்கத்துக்காரருக்கு அது கிடையாது. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையும் அயலகத் தமிழர் நல வாரியமும் பின்னால் வந்தவை. வாரியப் பதிவை அங்கே இருக்கும்போதே செய்துகொள்ள வேண்டும். கடனுக்கு நடைமுறையில் போக வேண்டிய இடம் நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையம். மத்திய அரசின் பி.எம்.ஈ.ஜி.பி. திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு ரூ.50 லட்சம், சேவைத் தொழிலுக்கு ரூ.20 லட்சம் வரையிலான திட்டங்களுக்கு மானியம் உண்டு.

சந்திப்புக்குச் சந்திப்பு சூப்பர் மார்க்கெட், பேக்கரி, மந்தி பிரியாணிக் கடை. முதலாளி யார் என்று விசாரித்தால் துபாய், ரியாத் என்று பதில் வரும். அடுத்த ஆண்டு அதே கடையில் வேறு பெயர்ப்பலகை தொங்கும். கடை வைக்கக் கூடாது என்பதில்லை. யாராவது ஒருவர் நடத்தும் கடையில் ஆறு மாதம் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வைத்தால் போதும். அங்கே ஏசி மெக்கானிக்காக, வெல்டராக, எலெக்ட்ரீஷியனாக இருபது வருடம் கற்ற கைத்தொழிலை விட்டுவிட்டுத் தெரியாத வியாபாரத்தில் இறங்குகிறார்களே என்பதுதான் ஆச்சரியம். சரியான நேரத்துக்கு வருகிற ஒரு ஏசி மெக்கானிக்குக்கு நாகர்கோவிலில் இன்றைக்கும் கிராக்கி.

ரப்பர் பொறுமைக்காரர் தொழில். கன்று நட்டுப் பால் வெட்ட ஏறக்குறைய ஏழு ஆண்டு. அதன் பிறகும் மழை நாட்களில் வெட்டு நடக்காது, வெட்டுக்கு ஆள் கிடைப்பதும் அரிது. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயல் ரப்பரையும் வாழையையும் ஒரே நாளில் சாய்த்துப் போட்டது. ஐம்பத்தைந்து வயதில் புதிதாக நடுகிறவர் இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். வெட்டுக்கு வந்த மரங்களைக் குத்தகைக்கு எடுப்பது சிறிய அபாயம். 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டி வாழை இன்னும் விரைவில் பலன் தரும். ஆனால் காற்றுக்கு அதற்கும் பயம்.

கடலுக்குத் திரும்புகிறவர் ஊர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் மீனவர் நல வாரியத்திலும் பதிவைப் புதுப்பிக்காவிட்டால் தடைக்கால நிவாரணம் வராது. இந்த மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம்: சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எந்தத் துறைமுகத்தில் படகு பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேலையில்லாத மாதங்கள் மாறும்.

சிறு முதலில் தொடங்க நினைக்கிறவருக்கு மார்த்தாண்டத்தில் தேனீ இருக்கிறது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் கிராம மறுநிர்மாண வேலையின் பகுதியாக இங்கே பெட்டித் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். இன்று தேன் கூட்டுறவுச் சங்கமும் பயிற்சி தருகிறவர்களும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கிறார்கள். தேனின் பெரும்பகுதி ரப்பரிலிருந்து வருவது. இலை உதிர்ந்து தளிர்விடும் நாட்களில், ஏறக்குறைய பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, இளந்தளிர்களின் காம்பில் சுரக்கும் மதுவைத் தேனீ எடுக்கிறது. ரப்பர் விளை சொந்தமாக இருக்க வேண்டியதில்லை, உடைமைக்காரரிடம் கேட்டுப் பெட்டி வைத்தால் போதும். மழைக்காலத்தில் கூட்டம் மெலியும், சர்க்கரைப் பாகு கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். டிசம்பர் வாக்கில் திரும்பி வருகிறவர் பத்துப் பெட்டியோடு தொடங்கினால் முதல் பருவத்தின் கணக்கு மே மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும்.